பால் தேநீர் நிறத்தில் ஒரு கில்லிமாட்

ஜூன் 12, 2025, வியாழன்: நியூகாசில்

வெள்ளைக் காக்கை மல்லாக்கப் பறக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமாம் என்று தலையாட்டுவதை நம் ஊரில் நல்ல பொருளில் சொல்வதில்லை. நான் அப்படித் தலையாட்டிய ஒரு மாலையில்தான் இந்தப் பயணம் முடிவானது. மகளைப் பார்க்க இங்கே வந்து மூன்று வாரமாகியிருந்தது. மருமகனின் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, நாங்கள் கொடுத்த உளுந்து வடையைத் தின்றுகொண்டே, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஃபார்ன் தீவுகளில் உடம்பெல்லாம் வெள்ளையான ஒரு பஃபினைத் தம் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் கண்டதாகச் சொன்னார். பஃபின் என்பது கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கிளிமூக்குப் போன்ற வண்ண அலகும் கொண்ட, மாடப்புறா அளவிலான கடற்பறவை. அதில் வெள்ளை எப்படி வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் சலித்துப்போய், "நேர்லயே பாத்துடலாம் மாமா" என்று மருமகன் வெள்ளி, திங்கள், செவ்வாய் என மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டார். முப்பத்தோராண்டு கல்லூரியில் வேதியியல் நடத்தியவனுக்கு நிறத்தின் மேல் இருக்கும் பைத்தியம் ஓய்வு பெற்ற பின்னும் தெளியவில்லை.

ஒத்திகை போல இன்று மகளும் நானும் டைன் பாலத்துக்குப் போனோம். ஆற்றுமுகத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் உள்ளே, நகரத்தின் நடுவில், இரும்புப் பாலத்திலும் பக்கத்துக் கட்டடங்களின் விளிம்புகளிலும் கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூடு கட்டுகின்றன. உலகில் கடலை விட்டு இவ்வளவு தள்ளி அவை கூடு கட்டும் இடம் வேறில்லை. பாலத்தில் மராமத்து வேலை நடப்பதால் சாரம் கட்டியிருந்தார்கள். பறவைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. கீழே கருவாட்டுச் சந்தை வாடை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை நிறுத்திவிட்டு வந்து, "மேலே பாருங்கள், தடையில்லை, வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கிட்டிவேக்கின் சாம்பல் சிறகு முனையில் மட்டும், மைக்கூட்டில் தோய்த்து எடுத்தது போல, திட்டமான கறுப்பு இருக்கிறது. மெலனின் என்னும் கருநிறமி படிந்த இறகு மற்ற இறகைவிட உறுதியானது. காற்றும் உப்பும் மணலும் அதிகம் உரசும் முனையில்தான் கடற்காகங்கள் பலவற்றுக்கும் அது வாய்த்திருக்கிறது. வெள்ளையாகப் பிறந்த ஒரு கடற்பறவைக்கு அந்தக் கவசம் கிடையாது. அதன் சிறகு முனை சீக்கிரம் பிய்ந்துபோகும். வெள்ளைப் பஃபினைப் பார்க்கும் முன்பே அதற்காக எனக்குக் கவலை வந்துவிட்டது. இரண்டு தேநீருக்கு 5 பவுண்டு 60 பென்ஸ் கொடுத்தோம். மகள் அதை ரூபாயாக மாற்றிச் சொல்ல வேண்டாம் என்று முன்னதாகவே கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 13, வெள்ளி: சீஹவுசஸ்

ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குப் பின் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால், படகுச் சீட்டுச் சாளரத்தில் ஒரு பலகை தொங்குகிறது: கடல் கொந்தளிப்பு, இன்று எந்தப் படகும் இல்லை. வானம் தெளிவாக, வெயில் கூட அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் துறைமுகச் சுவருக்கு அப்பால் அலை ஒவ்வொன்றும் ஓர் ஓட்டு வீட்டின் உயரத்துக்கு எழுந்ததைப் பார்த்த பிறகு எனக்குக் குறையொன்றும் இல்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகவோ நாளைக்கு மாற்றித் தருவதாகவோ சொன்னார்கள், மாற்றிக்கொண்டோம்.

போக இடமில்லாமல் துறைமுகப் படியில் உட்கார்ந்தபோது, எனக்கு முதல் 'கண்டுபிடிப்பு' வாய்த்தது. படகுகளுக்கிடையே நீந்திக்கொண்டிருந்த ஐடர் வாத்துக் கூட்டத்தில் ஒன்று மற்றெதையும் போலில்லை. ஆண் ஐடர் வெள்ளையும் கறுப்புமாகப் பளிச்சென்று இருக்கும். பெண் பழுப்பு வரி போட்டிருக்கும். இதுவோ சாக்லேட் நிற உடம்பில், மார்பில் மட்டும் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை, முதுகில் ஒழுங்கற்ற திட்டுகள். நான் எழுந்து நின்று மருமகனைக் கூப்பிட்ட குரலில் பக்கத்துப் படியிலிருந்த ஒரு மூதாட்டியும் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் பழைய தொலைநோக்கி, மடியில் பிளாஸ்கு. அவர் என்னை ஏமாற்றமடைய விட மனமில்லாதவர் போல ஒரு கணம் தயங்கிவிட்டு, "அது போன வருடம் பிறந்த பையன்; இன்னும் இரண்டு வருடம் இப்படித்தான் அலங்கோலமாக இருப்பான்" என்றார். பின்னர், இதைப் பார்த்து ஏமாந்தவர்களில் தம் கணவரும் ஒருவர் என்று ஆறுதலும் சொல்லி, பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

இந்த வாத்துக்கு இவ்வூரில் குத்பர்ட்டின் வாத்து என்று பெயர். ஏழாம் நூற்றாண்டில் இன்னர் ஃபார்ன் தீவில் தனித்துத் தவம் இருந்து, 687-ல் அங்கேயே இறந்த துறவி அவர். இப்பறவைகளைத் துன்புறுத்தக் கூடாது என்று அவர் விதி செய்ததாகச் சொல்கிறார்கள். மூதாட்டி அதையும் சொன்னார்; ஆனால் அவருக்கு அதிலும் பெரிய ஆர்வம், நான் எங்கிருந்து வருகிறேன் என்பதில்தான் இருந்தது. தேனிப் பக்கம் என்றேன். அங்கே மாடு உண்டா என்றார். உண்டு என்று தொடங்கிய நான், நிறத்தை வைத்துக் காரி, மயிலை, செவலை, கருமறை, செம்மறை என்று மாட்டுக்குப் பெயர் வைப்பதைச் சொல்லி முடிக்கையில் அவருடைய பிளாஸ்கு காலியாகியிருந்தது. மறை என்றால் உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்தது. "எங்களிடம் அதற்கெல்லாம் ஒரே சொல்தான், அதையும் தப்பாகச் சொல்கிறோம்" என்றார். எது வெள்ளையாக இருந்தாலும் ஆல்பினோ என்று சொல்லிவிடுவதைத்தான் அவர் குறிப்பிட்டார்.

இரவுக்கு ஹேடக் மீனும் உருளை வறுவலும், ஒருவருக்கு 13 பவுண்டு 50. மேலே போட்ட மாவு நம் பஜ்ஜி மாவைப் போல மொறுமொறுப்பு. உள்ளே மீனில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் மிளகாய்ப் பொடியை எடுத்தபோது அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு இருமடங்கானது.

ஜூன் 14, சனி: ஃபார்ன் தீவுகள்

நேற்றைய கடலா இது என்று கேட்கும்படி அமைதி. படகுக்கு ஒரு கட்டணம், இன்னர் ஃபார்னில் இறங்குவதற்கு 1925 முதல் தீவுகளை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு வேறொரு கட்டணம். 2022-ல் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்த பின் தீவில் யாரையும் இறங்க விடாமல் வைத்திருந்து, 2024-ல்தான் மறுபடி திறந்தார்கள். இறந்த பறவையைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு இறங்குதுறையில் இன்னும் இருக்கிறது.

இறங்கியவுடன் ஆர்க்டிக் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் தாக்கத் தொடங்கின. பாதையை ஒட்டியே முட்டையிட்டுக் குஞ்சு வைத்திருப்பதால், வருகிறவன் எவனானாலும் மண்டையைக் கொத்துகின்றன; கொத்தாதவை எச்சமிடுகின்றன. மருமகன் தம் கருநீலத் தொப்பியை எனக்குக் கொடுத்துவிட்டு, தாம் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டார். அங்கே பணியிலிருந்த இளம்பெண், கையை வீச வேண்டாம் என்றும், ஆலா எப்போதும் கூட்டத்தில் உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்றும், ஆகவே உயரமான ஒருவரின் அருகில் நடப்பது நலம் என்றும் சொன்னார். ஆறடிக்கு மேலிருந்த ஒருவரை நான் ஓரக்கண்ணால் தேடுவதை அந்த நெட்டை மனிதரே கவனித்துவிட்டு, சிரித்துக்கொண்டு எனக்காக நடையைத் தளர்த்தினார். தேவாலயச் சுவர் வரை அவருடைய தலைதான் எங்கள் இருவருக்குமான குடை.

பஃபின்கள் இருக்கின்றன, எண்ணி மாளாத அளவுக்கு. வளைகளிலிருந்து எட்டிப் பார்ப்பவை, அலகில் ஐந்தாறு மணல்விலாங்கு மீனைக் குறுக்கே கவ்விக்கொண்டு ஓடி வருபவை, அதைப் பறிக்கத் துரத்தும் கடற்காகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அத்தனையும் கறுப்பு முதுகு. வெள்ளைப் பஃபினுக்கும் அலகும் காலும் செம்மஞ்சளாகவே இருக்கும் என்பதால், தேடும்போது அந்த வண்ணத்தை முதலில் பிடித்து, பிறகு முதுகைப் பார்ப்பது என்று ஒரு முறையும் வகுத்துக்கொண்டேன். அலகின் செம்மஞ்சள் உணவு வழியே வரும் கரோட்டினாய்டு நிறமிகளால் அமைவது. இறகின் கறுப்பு உடம்பே செய்துகொள்ளும் மெலனின். ஒன்று நின்றுபோனாலும் மற்றது நிற்காது. முறை நன்றாகத்தான் இருந்தது, பறவைதான் இல்லை.

இரண்டாவது ஏமாற்றம் பாறை விளிம்பில் காத்திருந்தது. கில்லிமாட் என்பது நிமிர்ந்து நிற்கும், கருப்பட்டி நிறத் தலையும் வெள்ளை வயிறும் கொண்ட பறவை. அவற்றில் சிலவற்றுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும், அதிலிருந்து காதுப் பக்கம் ஓடும் ஒரு வெள்ளைக் கோடும் இருந்தன, வட்டக் கண்ணாடி மாட்டிய பழங்கால வாத்தியார்களைப் போல. பிழையோ என்று பார்த்தால், இது பிழையன்று. அந்த இனத்திலேயே தலைமுறை தலைமுறையாக வரும் இரண்டாவது முகம். 1938, 39-லேயே எச். என். சதர்ன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் ஆர்வலர்களைத் திரட்டிக் கடலோரமெங்கும் இவற்றை எண்ண வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் தெற்கில் நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாத கண்ணாடிக்காரர்கள், ஷெட்லண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்தாகவும், ஆர்க்டிக்கின் பியர் தீவில் பாதியாகவும் பெருகுகிறார்கள். நான் எண்ணிய 140 பறவைகளில் 7. அபூர்வமாக இருப்பதெல்லாம் கோளாறு என்று கொண்டால், இந்தப் பாறையில் கண்ணாடி போட்டவர் கோளாறு, பியர் தீவில் யார் கோளாறு என்று சொல்வது?

வெறுங்கையோடு திரும்புகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் படகில் ஏறினேன். படகோட்டி அறுபதைத் தாண்டியவர். வரும்போது ஒரு வார்த்தையும் பேசாதவர். திரும்பும் வழியில் ஸ்டேப்பிள் தீவின் அருகே, கடலிலிருந்து தூண்களாக எழுந்து நிற்கும் பாறைகளுக்குப் பக்கத்தில் இயந்திரத்தைத் தணித்தார். மருமகன் எங்கள் தேடலை அவரிடம் எப்போது சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. "வெள்ளைப் பஃபின் என்னிடம் இல்லை. இரண்டாவது தட்டு, இடது கோடி. பால் விட்ட தேநீர்" என்றார்.

முதலில் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான கரிய முதுகுகள், அவற்றின் இடையே எச்சத்தின் வெள்ளை, படகோ தொட்டில் போல ஆடுகிறது. பிறகு தெரிந்தது. வெயிலில் வெளுத்த பறவை என்றுதான் முதலில் எண்ணினேன். தெற்கத்திக் கில்லிமாட்டுகள் வடக்கத்தியவற்றைவிட இயல்பிலேயே சற்றுப் பழுப்பு என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் இது சற்றுப் பழுப்பு அன்று. தலையும் கழுத்தும் நீர்த்த தேநீர், முதுகு அதனினும் வெளிறிய பால் தேநீர், மடித்த சிறகின் முனை தேய்ந்த துடைப்பம் போலப் பிசிறடித்து ஏறக்குறைய வெண்மை. அலகும் கண்ணும் மற்றவற்றுக்கு இருப்பது போலவே கருமையாக, தூரத்தில் வேறுபாடு தெரியாதபடி. அது ஒரு முறை சிறகை விரித்து உதறியது. அப்போது மேல் சிறகு மூடி மறைத்திருந்த, வெயில் படாத இறகுகள் தெரிந்தன. அவை கோக்கோ நிறத்தில், நல்ல அடர்த்தியாக இருந்தன. அந்த ஒரு கணத்தில் பறவையின் ஓராண்டுக் கதையும் அங்கே எழுதியிருந்தது. பிறந்த நிறம் கோக்கோ. வெயில் பட்ட இடமெல்லாம் மாதத்துக்கு மாதம் வெளுத்திருக்கிறது. கில்லிமாட் இனப்பெருக்கம் முடிந்து கடலுக்குப் போன பிறகுதான் சிறகிறகுகளைப் புதுப்பிக்கும் என்பதால், ஜூன் மாதம் அவற்றின் வயது உச்சம், வெளிறலும் உச்சம்.

அதன் பக்கத்திலிருந்த கறுப்பு முதுகுப் பறவை திரும்பி, பால் தேநீரின் கழுத்தை அலகால் மெல்லக் கோதிவிட்டது. ஏதும் வித்தியாசம் இருப்பதாக அதற்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு குஞ்சின் சாம்பல் தலை தெரிந்து மறைந்தது. நாற்பது வினாடி இருக்கும். அலை படகைப் பாறைப் பக்கம் தள்ள, படகோட்டி விலக்கிவிட்டார். ஏழு படம் எடுத்தேன். மூன்றில் வானம், இரண்டில் கைப்பிடிக் கம்பி, ஒன்றில் பக்கத்து இருக்கைக்காரரின் காது.

"மூன்று வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறாள்" என்றார் படகோட்டி. இங்கே படகும் அவள், கடலும் அவள் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் படுக்கையில் கிடந்து யோசித்தபோதுதான் அவர் சொன்னதில் கணக்கும் இருப்பது உறைத்தது. இந்தப் பழுப்பு மாற்றத்தின் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். ஆண் பழுப்பாக வேண்டுமானால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மாற்றம் வந்து சேர வேண்டும். பெண்ணுக்குத் தந்தையிடமிருந்து வரும் ஒரே பிரதி போதும். எனவே இயற்கையில் பழுப்பாகக் காணப்படும் பறவை ஏறத்தாழ எப்போதும் பெண்தான். கால்வளையம் இல்லாமலே, மரபணுப் பாடம் இல்லாமலே, வருடா வருடம் ஒரு பறவையை அடையாளம் கண்டு, பெண்பாலும் சரியாகச் சொன்ன மனிதருக்கு நான் இறங்கும்போது நன்றியைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. சில்லறை இருந்தும் தோன்றவில்லை, இப்போது உறுத்துகிறது.

ஜூன் 15, ஞாயிறு: பாம்பரோ, மழை

காலையிலிருந்து தூறல். தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் அம்மாள் காலை உணவுக்குக் கிராஸ்டர் கிப்பரை, அதாவது ஓக் மரப்புகையில் வாட்டிய ஹெரிங் மீனை, வெண்ணெயோடு கொண்டுவந்து வைத்தார். வாடை மட்டும் நம் வீட்டுக் கருவாட்டுக்குழம்பு. சுவை அதைவிடச் சாது. பக்கத்துத் தட்டில் அவர் நறுக்கி வைத்திருந்த ஆப்பிள், நான் கிப்பரின் முள்ளோடு போராடி முடிப்பதற்குள் பழுப்பேறிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டு எடுக்க வந்தார், நான் விடவில்லை. நேற்றுப் பார்த்ததை அவருக்கு விளக்க அதைவிட நல்ல சாதனம் கிடைத்திருக்காது.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதற்காகத்தானே மோர்த் தண்ணீரில் போடுகிறோம். காயில் இருக்கும் ஒரு செப்பு நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது. பறவையின் நிறச்செல்லில் இருக்கும் டைரோசினேஸ் அந்த நொதியின் உறவினர்தான். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்சிஜனோடு சேர்த்து, படிப்படியாகக் கறுப்பாக்குகிறது. அந்த நொதி அடியோடு வேலை செய்யாவிட்டால் இறகிலும் தோலிலும் கண்ணிலும் மெலனினே இராது. அதுதான் உண்மையான ஆல்பினோ. கண்ணில் மெலனின் இல்லாதபோது ஒளி கூசும், தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. கடலில் மீனைத் துரத்திப் பிழைக்க வேண்டிய பறவை அப்படி நெடுநாள் நிற்பதில்லை. வளர்ந்த ஆல்பினோக் கடற்பறவையை ஒருவர் பார்த்ததாகச் சொன்னால், அவர் பார்த்தது பெரும்பாலும் வேறொன்று. தொடங்கிய வேலை கடைசிப் படியில் நின்று, கறுப்பாக வேண்டியது பழுப்போடு நின்றுவிட்டால் நம் பால் தேநீர். ஆப்பிள் துண்டு சரியாக அந்த நிறத்தில் வந்து நின்றது.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடம்பில் அங்கங்கே வெள்ளை விழுந்த பறவைகள் எந்த வகை என்றார். அவர் வீட்டுத் தோட்டத்துக் கருங்குருவி ஒன்று அப்படி இருக்கிறதாம். ஒவ்வொரு வருடமும் வெள்ளை கூடிக்கொண்டே போகிறதாம். அங்கேதான் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. கருவிலேயே நிறச்செல்கள் தோலின் சில பகுதிக்குப் போய்ச் சேராமல், பிறந்தது முதல் அதே இடத்தில் மாறாத வெள்ளையோடிருப்பது மாட்டு மறையைப் போன்றது. அதைத்தான் லூசிசம் என்கிறார்கள். பிறக்கும்போது சரியாக இருந்து, வயதினாலோ நோயினாலோ செல்கள் நிறம் செய்வதை நிறுத்தி, இறகு உதிர்ந்து முளைக்கும்போதெல்லாம் வெள்ளை பெருகுவது நரை. வெள்ளை இறகுடன் காணப்படும் பறவைகளில் மிகப் பலவும் நரைதான், எல்லாவற்றையும் லூசிசம் என்று எழுதுவது தவறு என்று டிரிங்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைக் காப்பாளர் ஹைன் வான் கிரௌ பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார். ஆங்கிலத்துக்கு அதைச் சொல்ல இரண்டு மூன்று சொற்களும் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கின்றன. நமக்கு மறை, நரை என்று இரண்டெழுத்தில் முடிந்துவிடுகிறது. "அப்படியென்றால் என் குருவிக்கு வயதாகிறது, அவ்வளவுதானே" என்றார் அம்மாள், ஏதோ வைத்தியர் நல்ல செய்தி சொன்னது போல.

மாலை, மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய மதுக்கூடத்தில், கணப்புக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பஃபின் நின்றது. நான்கு நாளாகத் தேடியது, கைக்கெட்டும் தூரத்தில், தூசி படிந்து. கீழே மங்கிய எழுத்தில் ஆல்பினோ என்று சீட்டு. நாற்காலி மேல் ஏறிப் பார்க்க அனுமதி கேட்டேன்; கொடுத்தார்கள், நாற்காலியையும் ஒருவர் பிடித்துக்கொண்டார். முழு வெள்ளை அன்று. முதுகில், சட்டைக் காலரில் படியும் அழுக்குப் போல, மங்கிய மஞ்சள்பழுப்புச் சாயல். அது பிறவி நிறமா, நூறாண்டுப் புகையா என்பது கண்ணைப் பார்த்தால் தெரியலாம் என்று குனிந்தேன். கண் கண்ணாடி மணி. பாடம் செய்தவர் தமக்குப் பிடித்த சிவப்பை வைத்திருக்கிறார். அலகோ வண்ணம் பூசியது, தூரிகை மயிர் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. விக்டோரியா காலத்துச் சேகரிப்பாளர்கள் இத்தகைய பறவை எங்கே தென்பட்டாலும் சுட்டு எடுத்துப் பெட்டியில் அடைத்தார்கள். ஃபாரோ தீவுகளின் வெள்ளை மறை விழுந்த அண்டங்காக்கைக்கு அவர்களால்தான் விலை ஏறியது. உறுதியாக அது கடைசியாகக் காணப்பட்டது 1902-ல். இரண்டு ஆப்பிள் சாறு 6 பவுண்டு. நாற்காலி பிடித்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 16, திங்கள்: நார்த் பெரிக்

எல்லை தாண்டி ஸ்காட்லாந்து. இது மருமகனின் விருப்பம். பாஸ் ராக் என்பது கடலில் நூறு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் எரிமலைக் கழுத்து; தொலைவிலிருந்து பார்த்தால் பனி மூடியது போன்ற வெண்மை, கிட்டப் போனால் அந்த வெண்மை பாதி கேனட் என்னும் பெரிய கடற்பறவை, பாதி அதன் எச்சம். 2014-ல் எண்ணியபோது 75,000-க்கும் மேற்பட்ட கூடுகளோடு உலகிலேயே பெரிய கேனட் குடியிருப்பாக இருந்தது. 2022 ஜூனில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. 2023-ல் எண்ணியபோது ஏறத்தாழ 52,000.

வெள்ளிக்கிழமை ஐடர் வாத்திடம் பாடம் படித்திருந்ததால், திட்டுத் திட்டாகக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்த கேனட்டுகளைப் பார்த்து நான் கூச்சலிடவில்லை. அவை சிறுவர்கள். கேனட் முதல் இறகைக் கருமையாகப் பூண்டு, நான்கைந்து ஆண்டில் வெள்ளையாகிறது. நரையே அதற்கு இளமைக்கு விடை கொடுக்கும் சடங்கு.

ஆனால் படகு பாறையின் அடியில் மெதுவாகச் சுற்றியபோது, வழிகாட்டியாக வந்த பெண் கண்களைப் பார்க்கச் சொன்னார். கேனட்டின் கண் வெளிர் நீலம், நீல மையால் வளையமிட்டது போல. சில பறவைகளுக்கு அந்த இடம் முழுக் கறுப்பு. சிலவற்றுக்கு நீலத்தில் மை சிந்தியது போலக் கரும்புள்ளிகள். காய்ச்சல் கண்டு பிழைத்தவை அவை. 2022-ல் பாறையில் 18 பறவைகளின் குருதியைச் சோதித்தபோது 8-ல் நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. அந்த எட்டில் 7 கருங்கண். இறகில் ஒன்றும் மாறவில்லை, பொன்னிறத் தலையும் அப்படியே. ஒரு கருங்கண் பறவை எங்கள் படகுக்கு நேர் மேலே காற்றில் நின்றபடி குனிந்து பார்த்தது. அம்மைத் தழும்போடு பிழைத்து வந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. மருமகன் மிளகாய்ப் பொடியைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் பதில் சொல்லவில்லை.

துறைமுகத்தில் பாதி நண்டுவகை லாப்ஸ்டரும் வறுவலும் 22 பவுண்டு, இருவரும் பகிர்ந்துகொண்டோம். வறுவலில் பாதியை ஒரு கடற்காகம், கண் இமைக்கும் முன், பகிர்ந்துகொண்டது. அதன் நிறத்தில் குறையொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்: நியூகாசில்

வீடு. மகள் ஏழு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏழாவதில், இரண்டாம் தட்டின் இடது கோடியில், வெளிறிய ஒரு புள்ளி. "சுவத்துல கறை மாதிரில்ல இருக்கு, அப்பா" என்றாள். கறையின் கழுத்தைப் பக்கத்துப் பறவை கோதுவதைக் காட்டினேன். அதன் பிறகு திரையை இன்னும் பெரிதாக்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகனின் கருநீலத் தொப்பியை இரண்டு முறை துவைத்தாயிற்று. ஆலா எச்சம் விழுந்த இடமெல்லாம் சாயம் போய் வெளுத்துவிட்டது. நான்கு நாள் வெயிலிலும் மழையிலும் காயவிட்டுத் துவைத்தது என் தவறு. புதிது வாங்கிக் கொடுக்கிறேன் என்றதற்கு, வேண்டாம் மாமா என்றார். ஐந்து வயதுப் பேரன் அதைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இது மறையா, நரையா, தாத்தா என்று கேட்டான். பிறக்கும்போது முழு நீலமாக இருந்தது, ஆகவே மறையில்லை என்றேன். அப்படியானால் நரைதான் என்று அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தொப்பியோடு விளையாடப் போய்விட்டான். சாயம் போவது வெளிறல், நரை வேறு என்று திருத்துவதற்காக நான் எழுந்தபோது, மகள் சாப்பிடக் கூப்பிட்டாள்.